மூலக்கூறை எடை போடும் ஆராய்ச்சி: நம் பிள்ளைகளுக்கு வழி என்ன?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் நம் அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி மேசைக்கு வந்திருந்தார். கையில் மதிப்பெண் பட்டியல்கள் அடங்கிய கோப்பு. மகளுக்கு பிஎச்.டி. செய்ய ஆசை. 'மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி' என்று ஏதோ சொல்கிறாளாம். தாய் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்.

"காக்கா, இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்? இன்னும் எத்தனை வருஷம் இவ படிச்சிக்கிட்டே இருப்பா?"

முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவர் உடனே நம்பவில்லை. "நீங்க கட்ட வேண்டியதில்லை தங்கச்சி, அவங்கதான் இவளுக்குத் தருவாங்க" என்றேன். காகிதத்தை எடுத்துக் கணக்கும் போட்டுக் காட்டினேன். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டால், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று ஒரு குழு பார்த்து ஒப்புதல் தந்தால் மாதம் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. வாடகைப்படியைச் சேர்க்காமலே ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டினால் 24 லட்சம் ரூபாய் வருகிறது. நிறுவனத்துக்குப் பருவக் கட்டணம் என்று ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும்; அதை இந்தப் பணத்திலிருந்தே கட்டிவிடலாம்.

நன்கொடை கொடுத்துப் பொறியியல் சீட் வாங்கிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இது புதிதாகத்தான் இருக்கும். அறிவியலில் முறையான பிஎச்.டி. என்பது பாதி படிப்பு, பாதி வேலை. காலையில் ஆய்வகத்துக்குப் போய் இரவில் திரும்பும் வேலை. அதற்கான ஊதியம்தான் இந்த உதவித்தொகை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் நீளமானது. அதற்குமுன் அந்தப் பெண் சொன்ன துறை எது, அதில் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஐந்து ஆண்டு எதற்காக உழைக்கப் போகிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மூலக்கூறுக்கு ஒரு தராசு

காய்கறிக் கடைக்கு ஒரு தராசு, நகைக்கடைக்கு இன்னும் நுட்பமான ஒரு தராசு. கண்ணுக்கே தெரியாத ஒற்றை மூலக்கூறை எடைபோட வேண்டுமென்றால்? அதற்கான கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். தமிழில் நிறை நிறமாலைமானி என்பார்கள். ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ 1 என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் மூலக்கூறு 18, குளுக்கோஸ் 180, சர்க்கரை நோயாளிகள் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலின் சுமார் 5,808.

இந்தத் தராசில் தட்டு கிடையாது. மூலக்கூறுக்கு முதலில் ஒரு மின்னூட்டத்தை ஏற்ற வேண்டும். பிறகு காற்றே இல்லாத ஒரு குழாயில் அதை மின்சாரத்தால் தள்ளிவிட வேண்டும். காலி வண்டியையும் மூட்டை ஏற்றிய வண்டியையும் ஒரே பலத்தோடு தள்ளினால் எது முன்னால் போகும்? அதேபோல இலேசான மூலக்கூறு முதலில் மறுமுனையைத் தொடும், கனமானது பின்னால் வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்கிட்டுவிடலாம். இது ஒரு வகைக் கருவி. காந்தத்தால் வளைத்துப் பார்ப்பது, ஒரு மின்முனையைச் சுற்றி ஓடவிட்டு அதன் அதிர்வை எண்ணுவது என்று வேறு வகைகளும் உண்டு.

இங்கிலாந்தில் ஜே.ஜே. தாம்சனும் அவருக்குப் பின் ஆஸ்டனும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி அணுக்களை எடைபோட்டுவிட்டார்கள். ஆஸ்டனுக்கு 1922-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் உயிருள்ள உடம்பின் பெரிய மூலக்கூறுகளான புரதங்களை எடைபோட முடியவில்லை. காரணம் எளிது. குழாயில் பறக்கவிட வேண்டுமென்றால் முதலில் அதை ஆவியாக்க வேண்டும். முட்டையை அடுப்பில் வைத்தால் ஆவியாகிறதா? வெந்துவிடுகிறது. புரதத்தின் குணம் அது.

இந்த முடிச்சு 1980-களில்தான் அவிழ்ந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென் என்ற முதியவர் புரதம் கரைந்த நீரை மெல்லிய ஊசிவழியே மின்னழுத்தம் கொடுத்துப் பன்னீர்ச் செம்புபோலத் தெளித்தார். துளிகள் காய்ந்து சுருங்கி, மின்னூட்டம் ஏறிய புரதம் மட்டும் காற்றில் மிஞ்சியது. யானைக்குச் சிறகு முளைத்ததுபோல என்ற பொருளில் தம் நோபல் உரைக்கே அவர் தலைப்பு வைத்தார். ஜப்பானில் ஷிமாட்சு கம்பெனியின் பொறியாளர் கொய்ச்சி தனாகா வேறொரு வழியைக் கண்டார். 1985-இல் ஒரு நாள் உலோகத் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்ட மனமில்லாமல் அதையே லேசர் ஒளிக்கு முன் வைத்துப் பார்த்தார். அதுவரை பறக்காத மூலக்கூறு பறந்தது. 2002-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது தனாகாவிடம் இருந்தது இளநிலைப் பட்டம் மட்டுமே. பிஎச்.டி. பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது பொருத்தமா என்று தெரியவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எடை தெரிந்தால் என்ன லாபம்? ஓர் எடுத்துக்காட்டு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி உண்டு. அதன் எடை 15,867. அரிவாள் இரத்தசோகை நோய் உள்ளவரிடம் அது 15,837. சங்கிலியின் 146 கண்ணிகளில் ஒரே ஒரு கண்ணி மாறியதால் 30 குறைந்திருக்கிறது. அந்த 30-ஐக் கருவி பிடித்துவிடும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்நோய் இருப்பதால் இது நமக்கும் தொலைவான விஷயமல்ல.

நம் வீட்டுக் கேள்விகள்

மருந்துக் கடையில் வாங்கும் காப்ஸ்யூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். ஜெல்லி மிட்டாயிலும் அதுதான். அது மாட்டினுடையதா, பன்றியினுடையதா, மீனினுடையதா? நம்மில் கேட்காதவர் இல்லை. இந்தக் கேள்விக்கு அறிவியல் முறைப்படி பதில் சொல்லும் கருவிகளில் முதன்மையானது இதுதான்.

தோல், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, வெந்நீரில் காய்ச்சி ஜெலட்டின் எடுக்கிறார்கள். அந்தக் காய்ச்சலில் விலங்கின் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆகவே டி.என்.ஏ. சோதனை பல நேரங்களில் கைகொடுப்பதில்லை. ஆனால் புரதத் துண்டுகள் தப்பிவிடுகின்றன. டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்தால் அது குறிப்பிட்ட இடங்களில் மட்டும் புரதத்தைக் கத்தரிக்கும். கிடைக்கும் சிறு துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். மாட்டின் கொலாஜனும் பன்றியின் கொலாஜனும் மிக நெருங்கியவை. ஆனாலும் சில துண்டுகளில் ஓரிரு அமினோ அமிலங்கள் வேறுபடும், எடையும் வேறுபடும். கருவி அந்தத் துண்டைத் தனியே பிடித்து, மேலும் உடைத்து, உள்ளே எந்தக் கண்ணிக்குப் பின் எந்தக் கண்ணி என்று வாசித்துவிடும்.

முடிந்துபோன விஷயம்போலத் தோன்றும். ஆனால் முடியவில்லை, அதனால்தான் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது. கொலாஜனில் சில கண்ணிகளில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். எடை 16 கூடிவிடும். எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். நெருங்கிய உறவுள்ள இரு விலங்குகளை, மாட்டையும் எருமையையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரித்தறிய எந்தத் துண்டை நம்புவது? பல விலங்குகளின் ஜெலட்டின் கலந்திருந்தால் எவ்வளவு சிறிய கலப்பைவரை உறுதியாகச் சொல்லலாம்? இப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று ஆண்டு வேலை. கொலாஜன் என்பது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான் உலகுக்குச் சொன்னார்கள். நம் ஊரிலேயே வேர் உள்ள துறை இது.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தைத் தடித்த தாளில் உலர்த்தி அனுப்பினால், ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று நிமிடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகளுக்கான அறிகுறி இருக்கிறதா என்று இந்தக் கருவி பார்த்துவிடும். உணவிலுள்ள ஒரு சத்தை உடைக்கும் நொதி பிள்ளைக்கு இல்லாமல் போவதுதான் இந்தக் குறைபாடு. உடையாத பொருள் இரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால் சிலவற்றுக்கு உணவை மாற்றினாலே பிள்ளை நல்லபடியாக வளரும். தெரியாமல் போனால் வலிப்பு, மனவளர்ச்சிக் குறைவு, சில நேரம் மரணம்.

இதை நம் குடும்பங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. இக்குறைபாடுகள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால்தான் பிள்ளையிடம் வெளிப்படும். அப்போதும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணந்தாலே நோய் என்று இதற்குப் பொருளல்ல. மாமன் மகளை மணந்து ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம். தமிழ்நாட்டில் எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம்தான் இது. சொந்தத்தில் மணம் அதிகமுள்ள சவூதி அரேபியா 2005-இல் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையை நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் நாடு முழுமைக்குமான கட்டாயத் திட்டம் இன்னும் இல்லை. இங்கும் வேண்டுமென்றால் கருவி மட்டும் போதாது. நம் மக்களிடம் எந்தப் பழுது அதிகம், எந்த அளவைத் தாண்டினால் அபாயம் என்று ஆய்ந்து சொல்லும் ஆட்கள் வேண்டும். லியூசின், ஐசோலியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் எடை சரியாக ஒன்றேயான இரட்டைப்பிள்ளைகள். எடையை மட்டும் பார்க்கும் கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அவற்றைப் பிரிக்க வேறு உத்தி தேட வேண்டும். இத்தகைய நுணுக்கங்கள்தாம் ஆராய்ச்சி.

பாம்பு விஷம், கடல் நத்தை ஆகியவற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் சென்னைக்கு அருகில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே போகிறது. ஒரே வகைப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் நஞ்சின் புரதங்கள் மாறுகின்றன, அதனால் வேறு மாநிலங்களில் மருந்து முழுமையாக வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் காட்டியது. அதற்கு உதவிய கருவிகளில் இதுவும் ஒன்று. அதே கழகத்தில் பேராசிரியர் பி. பலராம் குழுவினர் நம் நாட்டுக் கடலோரக் கூம்பு வடிவ நத்தைகளின் நஞ்சிலுள்ள பெப்டைடுகளை இக்கருவியால் வாசித்தார்கள். வேறொரு கூம்பு நத்தையின் நஞ்சைப் பின்பற்றிச் செய்த கடும் வலிநிவாரணி 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மன்னார் வளைகுடாக் கரையில் சங்கு பொறுக்கி விளையாடிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரிகிறது.

எங்கே, எப்படிச் சேர்வது?

ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம், புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், மும்பை ஐ.ஐ.டி. ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. மனித உடலின் புரதங்களுக்கான முதல் வரைபடங்களுள் ஒன்று 2014-இல் வெளிவந்தது. அதில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உழைத்தது அந்த பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனம். வீட்டுக்கு அருகில் வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யையும் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் விசாரிக்கலாம். தோல் என்றாலே கொலாஜன்தானே.

நுழைவாயில் பெரும்பாலும் தேர்வுதான். வேதியியல், உயிரியல் மாணவர்களுக்கு நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை. 2024 முதல் அதில் மூன்று நிலைகள்: உதவித்தொகையோடு தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. மூன்றாவது கிடைத்தால் இடம் கிடைக்கலாம், பணம் தானாக வராது; அந்த வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.டி.களுக்கு கேட் தேர்வு போதும். சேர்ந்தவர்களுக்கு நிறுவனமே உதவித்தொகை தரும். உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு டாடா ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் ஏற்கும் ஜே.ஜி.பில்ஸ் என்ற தேர்வும் உண்டு. பி.எஸ்சி. படிக்கும்போதே முடிவெடுத்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரலாம், எம்.எஸ்சி.யையும் முனைவர் பட்டத்தையும் அங்கேயே தொடர்ந்து முடிக்கலாம்.

இங்கே நம் சமுதாயத்தவர் அடிக்கடி தவறவிடும் ஒன்று. நம்மிடம் இருப்பது பி.சி. முஸ்லிம் சான்றிதழ். அது மாநில அரசுக்குச் செல்லும். நெட், கேட், ஜாம் எல்லாம் மத்திய அளவிலான தேர்வுகள். அவற்றுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், 'கிரீமி லேயரில் இல்லை' என்ற குறிப்போடு, தனியாக வாங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை சமூகத்தினர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து, கட் ஆஃப் மதிப்பெண்ணில் சிறிது இடைவெளியில் வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு.

மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையைப் பலர் இன்னும் விசாரிக்கிறார்கள். சிறுபான்மையினரின் எம்.ஃபில்., பிஎச்.டி. படிப்புக்கென்று 2009-இல் வந்த அந்தத் திட்டத்தை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். இது வருத்தத்துக்குரிய முடிவு என்பதே என் கருத்து. அதற்காகத் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட முடியாது.

வெளிநாட்டை நினைப்பவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஜெர்மனியில் மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனமும், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் புரத எடையாய்வில் பெயர்பெற்றவை. நெதர்லாந்தில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியராகவே நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்படுகிறார். அமெரிக்காவில் ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க உதவினால் கட்டணம் தள்ளுபடியாகி மாதத்தொகையும் கிடைக்கும். நம் குடும்பங்களில் வளைகுடாவில் இருக்கும் தந்தைமார் பலருக்குத் தெரியாத இடம் ஜித்தாவுக்கு வடக்கே தூவலில் உள்ள மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2009-இல் தொடங்கியது. சேர்க்கை கிடைத்தவர்களுக்குக் கட்டணமில்லை, மாதத்தொகை உண்டு, தங்குமிடமும் உண்டு.

இவை எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. 'பிஎச்.டி. சீட் வாங்கித் தருகிறோம், ஆய்வேட்டையும் எழுதித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அப்படி வாங்கிய பட்டம் வேலைக்கான நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்திலேயே அம்பலமாகிவிடும்.

நிறுவனத்தின் பெயரைவிட முக்கியமானது வழிகாட்டிப் பேராசிரியர். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், பெயரைச் சொல்ல வேண்டாம், கருவியே இல்லாத துறை ஒன்றில் இந்தத் தலைப்பில் சேர்ந்தார். நல்ல கருவி பல கோடி ரூபாய். துறை வாங்கப் போகிறது, வாங்கப் போகிறது என்று மூன்று ஆண்டுகள் போயின. மாதிரிகளைக் கைக்காசு கொடுத்து வெளியூர் ஆய்வகங்களுக்கு அனுப்பி, முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, ஏழாவது ஆண்டில் தலைப்பையே மாற்றிக்கொண்டார். சேருமுன் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எளியவை. கருவி உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதா, பொது வசதியா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? உங்களிடம் இதற்குமுன் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பேராசிரியரிடம் கேட்கக் கூச்சமென்றால் அங்குள்ள மாணவர்களிடம் கேட்கலாம். உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் இருந்தபடியே தயாராகவும் வழி இருக்கிறது. இந்தத் துறையில் பாதி வேலை கணினியில்தான். உலகெங்கும் எடுத்த அளவீடுகளை இங்கிலாந்தில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவல் நிறுவனத்தின் பிரைடு என்ற தொகுப்பில் இலவசமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றை வாசிக்கும் மேக்ஸ்குவான்ட், ஸ்கைலைன் மென்பொருள்களுக்கும் பணம் வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் புரதவியல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியும் ஆறு மாதப் பொறுமையும் இருந்தால், நேர்காணலில் 'நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்' என்று சொல்லலாம். 'இதில் எனக்கு ஆர்வம்' என்று சொல்பவர்கள் நூறு பேர். செய்து பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான்.

முடித்தபின் வேலை? ஹைதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களில் இன்சுலின் போன்ற புரத மருந்துகளின் தரச்சோதனைக்கு இத்துறையினரைத் தேடுகிறார்கள். உணவுப் பரிசோதனை ஆய்வகங்கள், விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனை, பெரிய மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்கள், கருவி விற்கும் நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி என்று இடங்கள் இருக்கின்றன. சேர்ந்த அன்றே ஐ.டி. கம்பெனிச் சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. இந்தத் துறையில் ஐந்து என்று வைத்துக்கொள்வது நியாயம். மகளுக்கு இப்போது 22 வயது. "அப்படின்னா 27 ஆயிடுமே, கல்யாணம்?" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது குடும்பத்தின் முடிவு. ஆனால் விதிகளில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னேன். பெண்களுக்கு முடிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டு தளர்வு தருகிறார்கள். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். திருமணம் முடித்து, பிள்ளை பெற்று, பட்டமும் வாங்கிய பெண்கள் ஆய்வகங்களில் நிறைய இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே, நிச்சயத்துக்கு முன்பே, மறைக்காமல் பேசிவிடுங்கள் என்றேன். பாதியில் நின்றுபோன பிஎச்.டி.கள் பலவற்றின் பின்னால், 'கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லாமல் விட்ட ஒரு பேச்சு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன். கருவியில் நேரம் ஒதுக்கீட்டு முறையில்தான் கிடைக்கும். சில நாள் இரவு பத்து மணிக்குத்தான் முறை வரும். ஆகவே விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா என்பது வீண் கேள்வி அல்ல.

பேசி முடித்துக் கோப்பைப் பார்த்தேன். பி.சி. முஸ்லிம் சான்றிதழ் இருந்தது, ஓ.பி.சி. இல்லை. மறுநாளே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டதாகப் பெண் போனில் சொன்னாள். அடுத்த நெட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டாளாம். பிறகு தாய் போனை வாங்கிக்கொண்டார். ஹைதராபாத்தில் பெண்கள் விடுதியிலிருந்து ஆய்வகம் எவ்வளவு தூரம், இரவில் வரும்போது துணை உண்டா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். அங்கே படிக்கும் ஒரு மாணவியிடம் கேட்டிருக்கிறேன்.